ஜாசினிலிருந்து மைனஸ் 269 பாகைக்கு

என் அம்மாவுக்குத் தெரிந்த குளிர் மைனஸ் 40 பாகை செல்சியஸ்.

பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில், சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் அவர் வேலை செய்கிறார். காரில் பொருத்தப்படும் சில்லு பாலைவன வெயிலையும் தாங்க வேண்டும், பனி நாட்டுக் குளிரையும் தாங்க வேண்டும். அதனால் சூட்டில் ஒரு முறை, அறை வெப்பத்தில் ஒரு முறை, குளிரில் ஒரு முறை என்று சோதிப்பார்கள். இதில் குளிர்ச் சோதனைதான் தொல்லை பிடித்தது என்பார் அம்மா. மலாக்கா காற்றில் ஈரம் அதிகம். சில்லு உட்காரும் இடத்தில் கொஞ்சம் ஈரம் புகுந்தாலும் பனியாகப் பிடித்துக்கொள்ளும். "பனி பிடிச்சா மெசின் பொய் சொல்லும்மா. நல்ல சில்லையும் கெட்டதுன்னு தள்ளிடும்" என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சொல்லியிருக்கிறார்.

சென்ற தவணையில் எனக்கு ஓர் இடுபணி கிடைத்தது. நான் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு சாதாரண சிலிக்கான் டையோடை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வெப்பநிலையை 300 கெல்வினிலிருந்து 4.2 கெல்வின் வரை இறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அதற்குள் என்ன நடக்கிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். 4.2 கெல்வின் என்றால் மைனஸ் 269 பாகை. அம்மா கேட்டார்: "அந்தக் குளிருக்கு உங்க யூனிவர்சிட்டியில மெசின் இருக்கா?" இல்லை. மடிக்கணினிதான் இருக்கிறது.

அந்த மடிக்கணினி ஒன்பது நாள் எனக்குப் பொய் சொன்னது. நானும் நம்பினேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் வெப்பநிலை, இடைநிலைப்பள்ளியில் சுஹு, பல்கலைக்கழகத்தில் டெம்பரேச்சர். மூன்று மொழியில் படித்தாலும் கெல்வின் கெல்வின்தான். செல்சியஸோடு 273 கூட்டினால் போதும். பாடநூலில் 'அறை வெப்பநிலை' என்று போடும் 300 கெல்வின் 27 பாகை. ஜாசினில் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றால் உணரும் வெப்பம். அதற்குக் கீழே இறங்கும்போது இரண்டு படிகள் முக்கியம். 77 கெல்வினில், அதாவது மைனஸ் 196 பாகையில், திரவ நைட்ரஜன் கொதிக்கும். 4.2 கெல்வினில் திரவ ஹீலியம் கொதிக்கும். ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கியவர் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஆய்வு செய்த காமர்லிங் ஓன்னஸ், ஆண்டு 1908. அந்தக் குளிர் நமக்கு அவ்வளவு தூரத்திலும் இல்லை. மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் காந்தச் சுருளைத் திரவ ஹீலியம்தான் குளிர்விக்கிறது. நோயாளி படுத்திருக்கும் இடத்திலிருந்து ஓர் எட்டுத் தூரத்தில் மைனஸ் 269 பாகை இருக்கிறது.

இவ்வளவு குளிரில் சில்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நானும் கேட்டேன்.

குவாண்டம் கணினி ஒரு காரணம். அதன் கியூபிட்டுகளில் பலவகை, ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்ந்தால்தான் வேலை செய்யும். அவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகளோ வெளியே, அறை வெப்பத்தில் நிற்கின்றன. இடையில் கம்பிகள். பத்து கியூபிட் என்றால் சமாளிக்கலாம். பத்தாயிரம் என்றால் கம்பிக் காடாகிவிடும், ஒவ்வொரு கம்பி வழியாகவும் வெப்பம் உள்ளே இறங்கும். கட்டுப்படுத்தும் சில்லையே குளிர்பெட்டிக்குள் 4 கெல்வின் தட்டில் வைத்துவிட்டால்? இன்டெல் நிறுவனம் 2019 டிசம்பரில் அறிவித்த 'ஹார்ஸ் ரிட்ஜ்' சில்லு அப்படிப்பட்டதுதான். ஆனால் 4 கெல்வின் தட்டிலிருந்து குளிர்பெட்டியால் இழுத்து வெளியேற்ற முடிவது ஒன்றிரண்டு வாட் வெப்பம் மட்டுமே. கைப்பேசி மின்னேற்றி அளவுக்குக்கூட மின்சாரத்தைச் செலவழிக்க முடியாது. எனவே சில்லைத் தயாரிக்கும் முன்பே அது அந்தக் குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம் நிலா. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் பெயரை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரத்தில் பள்ளிப் படிப்பு, அங்கேயே டிப்ளோமா, பிறகு பொறியியல் பட்டம், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று படிப்படியாக வந்தவர். 2023 ஆகஸ்ட் 23-இல் விக்ரம் தரையிறங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில், இருட்டுவதற்கு முன், விக்ரமையும் பிரக்யானையும் தூங்க வைத்தார்கள். நிலாவின் இரவு நமக்கு 14 நாள். அந்த இடத்தில் குளிர் மைனஸ் 200 பாகையை நெருங்கக்கூடியது. செப்டம்பர் 22 முதல் எழுப்பிப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. ஒரு நிலாப் பகலுக்கென்றே வடிவமைத்த கருவிகள் அவை, வேலையை முடித்துவிட்டுத்தான் தூங்கின. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் செப்டம்பரில் படிவம் ஐந்து பிள்ளைகள்கூடக் கைப்பேசியில் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

குளிரைச் சில்லின் எதிரி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சிக்காகோவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியரான சிவலிங்கம் சிவானந்தன் இலங்கைத் தமிழர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பாதரசம், காட்மியம், டெலூரியம் கலந்த குறைக்கடத்திப் படலங்களை வளர்ப்பதில் பெயர் பெற்றவர். அகச்சிவப்புக் கதிரைப் 'பார்க்கும்' உணரிகளுக்கு அந்தப் படலம் தேவை. அத்தகைய உணரிகளில் பலவற்றை வேண்டுமென்றே 77 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். சூட்டில் தானாகவே கிளம்பும் எலக்ட்ரான்கள் அடங்கினால்தான், கதிர் பட்டுக் கிளம்பிய எலக்ட்ரான் எது என்று தெரியும்.

இந்தத் 'தானாகக் கிளம்பும் எலக்ட்ரான்' என்ற இடத்தில்தான் என் கதை தொடங்குகிறது.

குறைக்கடத்தியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது பாட்டியின் தோட்டக் கதைதான். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். விடிவதற்கு முன் பெரட்டு. பெயர் கூப்பிட்டு, ஆள் கணக்கெடுத்து, நிரை பிரித்து அனுப்புவார்கள். தூய சிலிக்கானில் எலக்ட்ரான்கள் எல்லாம் அணுக்களுக்கு இடையில் கட்டுண்டு கிடக்கின்றன. பெரட்டுக்கு வரும் ஆள் மிகக் குறைவு. அதனால் சிலிக்கானில் ஐந்து மில்லியன் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பாஸ்பரஸ் கலப்பார்கள். ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவிடமும் ஓர் எலக்ட்ரான் மிச்சம். அறை வெப்பமே அதைத் தட்டி எழுப்பிவிடும். பெரட்டுக் களம் நிறைந்துவிடும், மின்சாரம் ஓடும்.

குளிர் இறங்க இறங்க மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது நல்ல காரியம். எலக்ட்ரான்கள் வேகமாக ஓடுகின்றன. சிலிக்கான் அணுக்கள் அறை வெப்பத்தில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். ஓடும் எலக்ட்ரான் அவற்றோடு மோதித் தடுமாறும். குளிரில் அந்த அதிர்வு அடங்குகிறது. இதை வீட்டில் விளக்கியபோது பாட்டி, "பாலும் அப்படித்தான். குளிர்ல நல்லா ஓடும், வெயில் ஏறினா நின்னுடும்" என்றார். மரத்தின் பால் ஓடுவதற்குக் காரணம் வேறு, அது மரத்துக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். ஆனால் பாட்டியிடம் அதைச் சொல்லி விவாதிக்க எனக்குத் துணிவில்லை.

இரண்டாவது, பாஸ்பரஸின் எலக்ட்ரான்கள் பெரட்டுக்கு வராமல் லயத்திலேயே தங்கிவிடுகின்றன. 4.2 கெல்வினில் இருக்கும் வெப்ப ஆற்றல் அறை வெப்பத்தில் இருப்பதில் எழுபதில் ஒரு பங்குதான். எழுப்ப அது போதாது. இதை 'உறைதல்' என்கிறார்கள். டிரான்சிஸ்டர் அப்படியும் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. அதன் இரு முனைகளிலும் கலப்பு மிக அடர்த்தி. அணுக்கள் நெருங்கி நிற்பதால் எலக்ட்ரான் ஒன்றின் வீட்டிலிருந்து இன்னொன்றின் வீட்டுக்குச் சும்மாவே நடந்துவிடும். மற்ற இடங்களில் மின்புலம் கங்காணி மாதிரி கதவைத் தட்டி இழுத்து வருகிறது.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. தூய சிலிக்கானில் தானாகக் கிளம்பும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. 300 கெல்வினில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10 பில்லியன். கேட்கப் பெரிதாக இருந்தாலும் சிலிக்கானுக்கு அது சொற்பம். 77 கெல்வினில் என்ன ஆகும்? மலாக்கா மாநிலத்தின் பரப்பு சுமார் 1,660 சதுர கிலோமீட்டர். மஸ்ஜிட் தானாவிலிருந்து மெர்லிமாவ் வரை மாநிலம் முழுவதையும் 60 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூய சிலிக்கானால் நிரப்புங்கள். அத்தனையிலும் சேர்த்து இப்படிக் கிளம்பும் எலக்ட்ரான் ஏறத்தாழ ஒன்றே ஒன்று. 4.2 கெல்வினில் மலாக்கா போதாது. கண்ணுக்கும் கருவிக்கும் எட்டும் பிரபஞ்சம் முழுவதையும் நிரப்பினாலும் ஒன்றுகூடத் தேறாது. எண்ணாக எழுதினால் புள்ளிக்குப் பின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட சுழியங்கள் வரும்.

அந்த எண் ஏறக்குறைய ஒன்றுமில்லைதானே, தூக்கிப் போட்டுவிடலாமே? முடியாது. டையோடின் இரு பக்கங்களுக்கும் இடையே தானாக உருவாகும் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில், இந்த எண்ணின் வர்க்கம் பகுதி எண்ணாக, கீழே நிற்கிறது. அதன் மடக்கையை எடுத்து வெப்பநிலையால் பெருக்க வேண்டும். எண் நம்ப முடியாத அளவு சிறியது, வெப்பநிலையும் சிறியது, ஆனால் இரண்டும் சேர்ந்து தரும் விடை ஒரு வோல்ட்டுக்கு மேல். படிவம் ஐந்தில் சிலிக்கான் டையோடு என்றால் 0.7 வோல்ட் என்று மனப்பாடம் செய்திருப்போமே, அறை வெப்பத்தில் கணக்கு அதையொட்டித்தான் வந்தது. 77 கெல்வினில் 1.1-ஐ நெருங்கியது. நிரல் சரியாக ஓடுகிறது என்று மகிழ்ந்து தூங்கப் போனேன்.

மறுநாள் இன்னும் கீழே இறக்கினேன். 18 கெல்வினில் நிரல் கவிழ்ந்தது. திரையில் எண்களுக்குப் பதிலாக மூன்று ஆங்கில எழுத்துகள். 'எண் அல்ல' என்பதன் சுருக்கம் அது. தமிழ்க் கண்ணுக்கு 'நான்' என்று வாசிக்கும். நான், நான், நான் என்று நூற்றுக்கணக்கான வரிகள்.

காரணம் எளிது. கணினி வழக்கமாக ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம் ஒதுக்குகிறது. அதில் எழுத முடிந்த மிகச் சிறிய எண்ணுக்குப் புள்ளிக்குப் பின் முந்நூற்றுச் சொச்சம் சுழியங்கள். அதைவிடச் சிறியது எதுவானாலும் கணினி அதைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளும். அந்தச் சுழியத்தால் வகுத்தால் முடிவிலி. ஒரு முடிவிலியிலிருந்து இன்னொரு முடிவிலியைக் கழித்தால் 'நான்'. சமன்பாட்டில் குற்றமில்லை, இயற்கையிலும் குற்றமில்லை; எழுதும் தாள்தான் போதவில்லை.

அப்போது நான் செய்த காரியத்தை மறைக்க விரும்பவில்லை. நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த எண், 10-இன் மைனஸ் 200 அடுக்கைவிடச் சிறியதாகிவிட்டால், அதை அந்த அளவிலேயே நிறுத்து.' புள்ளிக்குப் பின் 199 சுழியங்கள், பிறகு ஒரு 1. இவ்வளவு சிறிய எண்ணால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நிரல் முனகாமல் 4.2 கெல்வின் வரை ஓடியது. வரைபடம் வந்தது. மின்னழுத்தம் ஏறி ஏறி, 25 கெல்வினில் சுமார் 1.15 வோல்ட்டில் உச்சம் தொட்டு, அங்கிருந்து சரிந்து, 4.2 கெல்வினில் 0.2 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டது.

உச்சம்! எந்தப் பாடநூலிலும் நான் பார்க்காத உச்சம். தேடிப் பார்த்தேன். மிகக் குளிர்ந்த இடங்களில் வெப்பநிலையை அளக்கச் சிலிக்கான் டையோடையே வெப்பமானியாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னழுத்தத்தைப் பார்த்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். அந்த வெப்பமானிகளின் அட்டவணையில் 25 கெல்வின் அருகே வளைவு திரும்புகிறது என்று போட்டிருந்தது. என் உச்சமும் 25-இல்! வேறு என்ன சாட்சி வேண்டும்? குடும்பப் புலனக் குழுவில் படம் போட்டேன். மாமா கட்டைவிரல் போட்டார், சித்தி பூங்கொத்து போட்டார். துறையில் நடக்கும் மாணவர் சுவரொட்டிக் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்து, சுவரொட்டியையும் அனுப்பிவிட்டேன்.

விரிவுரையாளர் படத்தைப் பார்த்தார். தவறு என்று சொல்லவில்லை. நிரலில் நீயாகக் கையால் போட்ட எண்கள் எத்தனை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிரவு 200-ஐ 250 ஆக்கினேன். உச்சம் 25 கெல்வினிலிருந்து 21 கெல்வினுக்கு நகர்ந்தது. 150 ஆக்கினேன், மேலே ஏறியது. இயற்கையில் ஓர் உச்சம் இருந்தால் நான் எந்த எண்ணைப் போட்டாலும் அது அசையாமல் நிற்க வேண்டும். இது என் விரல் போகும் இடத்துக்கெல்லாம் வந்தது. அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அங்கே 25 கெல்வினில் வளைவு திரும்புகிறது, உண்மைதான், ஆனால் மேல்நோக்கி. அத்தகைய வெப்பமானி ஒன்று அறை வெப்பத்தில் சுமார் 0.56 வோல்ட் காட்டும், 77 கெல்வினில் சுமார் 1.03, 4.2 கெல்வினில் சுமார் 1.6. குளிரக் குளிர ஏறிக்கொண்டே போகும். எலக்ட்ரான்கள் உறைந்துபோன பகுதிக்குள் மின்னோட்டத்தைத் தள்ளக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. திருப்பம் அங்கேதான் வருகிறது. '25' என்ற எண்ணைப் பார்த்தேன், திசையைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

இதில் சங்கடம் என்னவென்றால், யாருக்கும் தெரியாது. சுவரொட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. கண்காட்சியைப் பார்க்க வருபவர்கள் அந்த வரியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. இரண்டு நாள் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலையிலிருந்து வந்து, அன்று தள்ளிய சில்லுகளில் எத்தனை உண்மையிலேயே கெட்டவை, எத்தனை பனியால் தள்ளப்பட்டவை என்று மறுசோதனை செய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சுவரொட்டியைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

சரியான வழி வெட்கப்படும் அளவுக்கு எளிது. அந்தச் சிறிய எண்ணை எழுதவே கூடாது. அதன் மடக்கையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளிக்குப் பின் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட சுழியங்கள் உள்ள எண்ணின் மடக்கை வெறும் மைனஸ் மூவாயிரத்துச் சொச்சம். அது கணினிக்கு ஒரு சுமையே இல்லை. அப்படிப் போட்டதும் வளைவு ஏறிக்கொண்டே போய், 4.2 கெல்வினில் 1.17 வோல்ட்டை ஒட்டி நின்றது. குளிர்ந்த சிலிக்கானில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல் 1.17 எலக்ட்ரான் வோல்ட். உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. புதிய சுவரொட்டியின் முன் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை.

பெரியவர்களும் இந்தச் சுவரில் முட்டியிருக்கிறார்கள் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் இ.டி.ஏ.-10 என்ற மீத்திறன் கணினியைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து ஓட்டினார்கள். வியன்னாவின் செல்பர்ஹெர், 77 கெல்வினில் டிரான்சிஸ்டரைக் கணினியில் உருவகிப்பது பற்றி 1989-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. இன்றைய உருவகிப்பு மென்பொருள்களில் சில, ஓர் எண்ணுக்கு 128 பிட் ஒதுக்கிக் கணக்கிடுகின்றன. இன்னொரு வழக்கம், நேரே 4 கெல்வினுக்குக் குதிக்காமல் 300-இல் தொடங்கிச் சிறு சிறு படிகளாக இறங்குவது. ஒரு படியின் விடையே அடுத்த படியின் தொடக்கம். கிணற்றில் இறங்குகிறவர் கால் வைத்துப் பார்த்து இறங்குவது போல.

கணக்குச் சரியாகிவிட்டால் எல்லாம் சரியா என்றால், அதுவும் இல்லை. டிரான்சிஸ்டரின் கேட் முனையில் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் மின்னோட்டம் பத்து மடங்காகும். அந்தக் 'கொஞ்சம்' அறை வெப்பத்தில் 60 மில்லிவோல்ட்டுக்குக் குறையாது. இது வெப்பநிலையோடு நேர் விகிதத்தில் சுருங்கும் என்கிறது பாடநூல். 4.2 கெல்வினில் 0.8 மில்லிவோல்ட் வர வேண்டும். வந்திருந்தால் குவாண்டம் கணினிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மிகக் குறைந்த மின்சாரத்தில் சில்லை ஓட்டலாம். அளந்து பார்த்தால் 10 மில்லிவோல்ட் சுற்றி வந்து நின்றுவிடுகிறது, அதற்குமேல் இறங்க மறுக்கிறது. எலக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் பட்டையின் விளிம்பு, பாடநூலில் வரைந்திருப்பதுபோல் கத்தியால் வெட்டியது போன்றதல்ல, வால் போல் நீண்டு தேய்கிறது என்று பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் விளக்கியிருக்கிறார்கள். அறை வெப்பத்தில் அந்த வால் யார் கண்ணிலும் படாது. குளிரில் மற்றதெல்லாம் அடங்கிய பிறகு அதுதான் மிஞ்சுகிறது. எத்தனை பிட் ஒதுக்கினாலும் கணினி இதைத் தானாகச் சொல்லியிருக்காது. யாரோ ஒருவர் ஹீலியத்தில் வைத்து அளக்க வேண்டியிருந்தது.

மலாக்காவில் அளக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இன்று இன்ஃபினியன் என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் தொழிற்சாலை 1973-இல் சீமென்ஸ் பெயரில் இங்கே தொடங்கியது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்து ஏறி வந்து சில்லைக் கையில் எடுத்து இரண்டு தலைமுறை ஆகிறது. உலகில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பார்கள். 2024 மே மாதம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. ஆனால் சில்லு வடிவமைப்பாளர்களுக்குத் தொழிற்சாலைகள் தரும் கணக்குக் கோப்புகள் பெரும்பாலும் மைனஸ் 40 முதல் 125 பாகை வரைக்குத்தான் உறுதி சொல்கின்றன. அம்மா நிற்கும் இடத்தில் அவையும் நின்றுவிடுகின்றன. அதற்குக் கீழே 230 பாகை இன்னும் இருக்கிறது. என்னைக் கேட்டால், 60,000 பேரில் ஒரு சிலராவது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்குக் காசு வேண்டாம். பைத்தான் இலவசம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் 'நேனோஹப்' தளத்தில் டிரான்சிஸ்டர்களை உருவகிக்கும் கருவிகள் கிடைக்கின்றன. 'டெவ்சிம்' என்ற திறந்த மூல மென்பொருளும் உண்டு. எஸ்.டி.பி.எம். இயற்பியலும் மடக்கையும் தெரிந்தவர் அந்த டையோடு கணக்கை ஒரு வார இறுதியில் போட்டுவிடலாம். என்னைப் போல் ஒன்பது நாள் எடுக்காது.

ஹீலியம் எனக்கு எட்டாது. நைட்ரஜன் எட்டியது. தவணை முடிவதற்குள் ஒரு நாள், ஆய்வுக்கூடத்தில் வேறொரு வேலைக்கு வந்திருந்த திரவ நைட்ரஜனில் கொஞ்சம் கேட்டு வாங்கினோம். கையுறை, முகக் கவசம், திறந்த சன்னல், பக்கத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். சில காசு பெறும் கண்ணாடிக் குடுவை டையோடு ஒன்றை நீளமான கம்பியில் பற்ற வைத்து, சிறு மின்னோட்டம் செலுத்தி, மெதுவாக உள்ளே இறக்கினேன். திரவம் சீறியது, பிறகு அடங்கியது. மீட்டரில் எண் ஏறி ஏறி, ஒரு வோல்ட்டை ஒட்டி நின்றது. ஒன்பது நாள் திரையில் மட்டும் பார்த்த ஏற்றம், முதல் தடவை ஒரு பொருளில்.

பிறகு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் மறுபடி அளந்தேன். தொடக்கத்தில் காட்டிய எண் திரும்பி வரவில்லை. கொஞ்சம் குறைவாக இருந்தது. குளிரில் டையோடு கெட்டுவிட்டது போலும் என்று குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு அம்மாவிடம் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். மீட்டரின் எண்ணை அவர் பார்க்கவில்லை. கடைசிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"கம்பியெல்லாம் வேர்த்துக் கிடக்கு பாரு. இந்த நம்பர் ஈரம் காயறதுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா?"

முன்னாடி.